சிறுநீரக நோயாளிக்குக் காய்கறி சமைப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

"பொட்டாசியம் கூடியிருக்கு, காய்கறியில கவனமா இருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டால் பல வீடுகளில் அன்றோடு காய்கறியே நின்றுபோகிறது. கீரை வேண்டாம், கிழங்கு வேண்டாம், தக்காளி வேண்டாம் என்று ஆரம்பித்து, கடைசியில் நோயாளியின் தட்டில் ரசம் சாதமும் ஊறுகாயும் அப்பளமும் மட்டும்தான் மிஞ்சுகின்றன. எங்கள் வீட்டிலும் மாமனாருக்கு இந்த நோய் இருப்பதால் சமையலறையில் இந்தப் பயம் எப்படிப் புகுந்துகொள்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த ஊறுகாயும் அப்பளமும் செய்யும் கெடுதலை ஒரு கிண்ணம் சுரைக்காய்ப் பொரியல் ஒருநாளும் செய்யாது.

சிறுநீரகம் பழுதானவருக்குக் காய்கறி தேவை. நார்ச்சத்து குறைந்தால் மலச்சிக்கல் வரும். சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பொட்டாசியத்தில் ஒரு பங்கைக் குடல்தான் வெளியேற்றுகிறது. மலம் கட்டினால் அந்த வழியும் அடைபடும். இந்த நோயில் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவதும் வழக்கம். காய்கறிகளும் பழங்களும் அதைத் தணிக்க உதவுகின்றன. அதனால் எந்தக் காய், எவ்வளவு, எப்படிச் சமைப்பது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டும். தெரிந்துகொள்வது கடினமும் அல்ல.

முதலில் ரிப்போர்ட்டைப் பாருங்கள்

சமையலறைக்குப் போகும் முன் கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் கிரியேட்டினினை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். காய்கறி விஷயத்தில் நமக்கு வேண்டிய எண் அதே தாளில் கொஞ்சம் கீழே பொட்டாசியம் என்ற வரியில் இருக்கும்.

பொதுவாக 3.5 முதல் 5.0 வரை இருந்தால் சரியான அளவு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சற்று மாறும். உங்கள் எண் இதற்குள் இருந்து, டாக்டரும் கட்டுப்பாடு எதுவும் சொல்லவில்லை என்றால், நீங்களாகக் காய்கறியைக் குறைக்க வேண்டாம். ஆரம்ப நிலை சிறுநீரக நோயாளிகள் பலருக்குப் பொட்டாசியக் கட்டுப்பாடே தேவைப்படுவதில்லை. நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் சிலருக்குப் பொட்டாசியம் குறைந்தே போயிருக்கும். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் டயட் சீட்டைப் பார்த்து காய்கறியை நிறுத்தினால் உள்ளதும் கெட்டுவிடும்.

எண் 5.0-ஐத் தாண்டியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். 5.5-க்கு மேல் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 6-ஐத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொட்டாசியம் அதிகமானால் இதயத் துடிப்பு தடுமாறும். பல நேரங்களில் முன்னறிகுறி எதுவும் இருக்காது. கை கால் தளர்ந்து போவதும் நெஞ்சு படபடப்பதும் சிலருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளும் ஸ்பைரனோலாக்டோனும் பொட்டாசியத்தைக் கூட்டலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் கூடலாம். பழியெல்லாம் எப்போதும் காய்கறி மேல் விழ வேண்டியதில்லை. அதற்காக அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவற்றில் பல, சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே கொடுக்கப்படுபவை.

காய்களை மூன்று கூடையாகப் பிரியுங்கள்

இனி மார்க்கெட். கீழே வரும் எண்கள் 100 கிராம் பச்சைக் காயில் உள்ள பொட்டாசியம், மில்லிகிராம் கணக்கில். மண்ணுக்கும் ரகத்துக்கும் தகுந்தபடி மாறும் என்பதால் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கான காயில் 200-க்குள் இருந்தால் அது குறைந்த பொட்டாசியக் காய் என்பது வழக்கமான கணக்கு.

முதல் கூடை தினமும் கை வைக்கக்கூடியது. சௌசௌ 125, வெங்காயம் 145, வெள்ளரிக்காய் 150, சுரைக்காய் 150, முட்டைக்கோஸ் 170, குடைமிளகாய் 175. பீர்க்கங்காயும் புடலங்காயும் வெண்பூசணியும் இந்தக் கூடையில்தான் வருகின்றன. நம் ஊரில் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் நீர்க்காய்கள் இவை, விலையும் பெரிதாகப் பயமுறுத்தாது. சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பவர்களுக்கு இவை இரட்டை நன்மை.

இரண்டாவது கூடை அளவோடு, மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டியது. பீன்ஸ் 210, கத்தரிக்காய் 230, முள்ளங்கி 230, தக்காளி 240, வெண்டைக்காய் 300, காலிஃப்ளவர் 300, பாகற்காய் 300, கேரட் 320. அவரைக்காயையும் கொத்தவரங்காயையும் பீட்ரூட்டையும் இதனோடு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கூடையில் பொட்டாசியம் அதிகம். உருளைக்கிழங்கு 420, முருங்கைக்காய் 460, வாழைக்காய் 500, சேப்பங்கிழங்கு 590, தண்டுக்கீரை 600. மற்ற கீரைகளும் சேனை, சர்க்கரைவள்ளிக் கிழங்குகளும் வாழைப்பூவும் வாழைத்தண்டும் பலாக்காயும் பலாக்கொட்டையும் இந்தப் பக்கம்தான். வத்தல் வகைகளையும் இங்கே சேர்த்துவிடுங்கள். சுண்டைக்காயோ மணத்தக்காளியோ, காய வைத்தால் தண்ணீர்தான் போகும், பொட்டாசியம் போகாது. கூடவே உப்பும் ஏறியிருக்கும்.

மூன்றாவது கூடையை முழுக்கத் தூக்கி எறிய வேண்டுமா என்றால், டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லாதவரை, இல்லை. அதைச் சமைக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள்

காய் வெந்த தண்ணீரைக் கொட்டாதே, சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று சொல்லித்தான் நம் வீடுகளில் சமையல் கற்றுக்கொடுப்பார்கள். கீரை வெந்த தண்ணீரில் தாளித்துத் தண்ணிச்சாறு வைப்போம். மற்றவர்களுக்கு அது நல்ல பழக்கம். பொட்டாசியம் கூடியவருக்கு மட்டும் இதைத் தலைகீழாக மாற்ற வேண்டியிருக்கிறது. பொட்டாசியம் தண்ணீரில் கரையும். எனவே காய் வெந்த தண்ணீரில் அது இறங்கி நிற்கும். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் பொட்டாசியமும் அதோடு போய்விடும்.

உருளைக்கிழங்கை வைத்துச் சொல்கிறேன்.

1. தோலைச் சீவிவிடுங்கள். தோலோடு வேகவைத்தால் உள்ளே இருப்பது வெளியே வராது.
2. அரை அங்குலத்துக்கும் குறைவான சிறு துண்டுகளாக நறுக்குங்கள். எவ்வளவு சிறிதாக நறுக்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. முழுக்கிழங்காக வேகவைத்தால் பெரிய பலன் இல்லை.
3. நறுக்கியதை ஓடும் தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள்.
4. கிழங்கைப்போல் ஐந்து மடங்காவது தண்ணீர் வைத்துக் கொதிக்க விடுங்கள். பத்து மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. உப்பு போட வேண்டாம்.
5. அகலமான பாத்திரத்தில் பத்து நிமிடம் வேக விடுங்கள்.
6. வடிதட்டில் கொட்டித் தண்ணீரை முழுக்க வடியுங்கள். அந்தத் தண்ணீரைக் குழம்புக்கோ சப்பாத்தி மாவு பிசையவோ எடுக்காதீர்கள்.
7. பிறகு வழக்கம்போலத் தாளித்துப் பிரட்டுங்கள்.

இப்படிச் சிறு துண்டுகளாக்கி வேகவைத்தால் உருளைக்கிழங்கின் பொட்டாசியத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். துருவி வேகவைத்தால் முக்கால் பங்கு வரை குறையும். ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்தாலே போதும் என்று பலரும் சொல்வார்கள். உருளைக்கிழங்கில் இதைச் சோதித்துப் பார்த்தபோது ஊறவைப்பதால் மட்டும் குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை. கொதிநீரில் வேகும்போதுதான் காயின் உள்கட்டு தளர்ந்து பொட்டாசியம் வெளியே வருகிறது. நேரம் இருந்தால் ஊற வையுங்கள், தவறில்லை. ஆனால் ஊறவைத்ததை நம்பி வேகவைத்து வடிக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

குக்கரிலும் செய்யலாம். நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு விசில் வந்ததும் இறக்கி, வடித்துவிட வேண்டும். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து அதிலேயே சுண்ட விடும் பொரியலிலும், இட்லிப் பானையில் ஆவியில் வேகவைப்பதிலும், எண்ணெயில் வதக்குவதிலும் பொட்டாசியம் காயிலேயே தங்கிவிடும். முதல் கூடைக் காய்களுக்கு அந்த முறைகள் போதும். சௌசௌவையும் சுரைக்காயையும் வடித்துக் கொட்ட வேண்டியதில்லை. வடிக்கும்போது பி, சி வைட்டமின்களும் சேர்ந்து போகும். எதற்கு வீணாக அதை இழக்க வேண்டும்? இரண்டாவது, மூன்றாவது கூடைகளுக்கு மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

கீரை சாப்பிட ஆசைப்பட்டால், பொட்டாசியம் கட்டுக்குள் இருக்கும் வாரத்தில், டயட்டீஷியனிடம் கேட்டுக்கொண்டு, பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, வடித்து, கையால் ஒரு முறை பிழிந்துவிட்டுக் கடையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதத்தில் பிசைந்து சாப்பிடுபவருக்கு இது குறைவாகத் தெரியும்தான். ஆனாலும் ஒரேயடியாகக் கீரையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஏங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

குழம்பும் ரசமும் கூட்டும்

காயில் இருந்து இறங்கும் பொட்டாசியம் எங்கே போகிறது என்பது புரிந்துவிட்டால் நம் சாப்பாட்டை நீங்களே அலசிப் பார்க்க முடியும். சாம்பாரில் முருங்கைக்காய் போட்டுவிட்டு, "காயை ஒதுக்கி வெச்சிட்டேன், சாம்பாரை மட்டும்தான் ஊத்திக்கிட்டேன்" என்று சொல்வதில் பயனில்லை. காயில் இருந்ததில் ஒரு பங்கு சாம்பாரில் கரைந்து நிற்கும். பருப்பிலும் தக்காளியிலும் புளியிலும் இருந்ததும் அதோடு சேரும். காய்கறி சூப்பும் அதே மாதிரிதான். உடம்புக்கு இதம் என்று அதைக் கொடுப்பவர்கள் பொட்டாசியக் கரைசலைத்தான் கிண்ணத்தில் கொடுக்கிறார்கள்.

சாம்பாரை நிறுத்த வேண்டாம். காயைத் தனியாக வேகவைத்து வடித்துவிட்டுக் கடைசியில் சாம்பாரில் சேருங்கள். பருப்பைக் குறைத்துக்கொண்டு, தட்டில் ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள். நான்கு பேருக்கான ரசத்தில் ஒரு தக்காளி போடுவதால் எதுவும் ஆகிவிடாது. தக்காளித் தொக்கு, தக்காளி சூப், தக்காளி சாஸ், ஓட்டல் குருமா போன்று தக்காளியைச் சுண்ட வைத்துச் செய்பவைதான் சிக்கல். ரசத்தில் பருப்புத் தண்ணீரை விட்டுவிட்டு மிளகு சீரகத்தைத் தூக்கலாகப் போட்டால் ருசி குறைவு தெரியாது. கொத்தமல்லி இலையை மேலே தூவுவதும் பிரச்சினை இல்லை. ஒரு கட்டை அரைத்துச் செய்யும் மல்லிச் சட்னியைத்தான் தவிர்க்க வேண்டும்.

கூட்டுக்குச் சௌசௌ அல்லது புடலங்காய், அரைக் கைப்பிடி பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி தேங்காய்த் துருவல் போதும். தேங்காயிலும் பொட்டாசியம் உண்டு. தாளிப்புக்கும் தூவுவதற்கும் வைத்துக்கொண்டால் சரி, தேங்காய்ப் பால் விட்ட குழம்பு தினமும் வேண்டாம்.

அளவு

முதல் கூடைக் காயையே மூன்று தட்டு சாப்பிட்டால் அதுவும் மூன்றாவது கூடையாகிவிடும். வீட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். சுமார் 100 கிராம் பச்சைக் காயில் செய்த பொரியல் ஒரு வேளைக்கான அளவு. சமையலறைத் தராசு இருந்தால் முதல் சில நாட்கள் நிறுத்துப் பாருங்கள், பிறகு கண்ணே அளந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம் என்பதை மட்டும் உங்கள் டயட்டீஷியன் சொல்ல வேண்டும். பொட்டாசியம் கூடியவர்களுக்குப் பொதுவாக ஒரு நாள் முழுவதற்கும் 2000 முதல் 3000 மில்லிகிராமுக்குள் அளவு வைப்பார்கள். அதில் அரிசி, பால், பருப்பு, பழம், காபி எல்லாமே அடக்கம் என்பதால் காய்கறிக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். இரண்டாவது கூடையில் இருந்து ஒரு காய் எடுத்த நாளில், மற்ற வேளைக்கு முதல் கூடையில் இருந்து எடுங்கள்.

பாஸ்பரஸ் கூடியிருப்பவர்களும் காய்கறியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். காய்கறியில் பாஸ்பரஸ் குறைவு. செடியில் இருந்து வரும் பாஸ்பரஸை உடம்பு முழுதாக உறிஞ்சுவதும் இல்லை. பாக்கெட் உணவிலும் கோலா பானங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட்தான் ஏறக்குறைய முழுவதுமாக இரத்தத்தில் ஏறுகிறது.

உப்பு

ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு. இட்லி மாவில் போட்டதும் மோரில் போட்டதும் இந்தக் கணக்கில்தான். நோயாளிக்கான பங்கை உப்பு போடும் முன்பே தனியாக எடுத்துவைத்து, கடைசியில் மேலாக ஒரு சிட்டிகை தூவினால் குறைந்த உப்பே நாக்கில் நன்றாகத் தெரியும். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், மிளகு இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இறக்கியபின் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் உப்பு குறைந்ததே தெரியாது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சொல்லிக் கடைகளில் விற்கும் லோ சோடியம் உப்பை வாங்காதீர்கள். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். காய்கறியை வடித்து வடித்துச் சமைத்துவிட்டு அந்த உப்பைப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதைக் கூடுதலாகப் போடலாம் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

"கிட்னிக்கு நல்லது" என்று வருபவை

உறவினர்கள் அக்கறையோடுதான் கொண்டுவருவார்கள். வாழைத்தண்டுச் சாறு, இளநீர், முருங்கைக்கீரை சூப், பச்சைக் கீரை ஜூஸ் என்று வந்துகொண்டே இருக்கும். சிறுநீரகக் கல் உள்ளவருக்கும் சிறுநீரகம் செயலிழந்து வருபவருக்கும் சாப்பாட்டு முறை வேறு வேறு. கல் உள்ளவர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வாழைத்தண்டும் அவருக்குச் சொல்லப்பட்ட பழக்கம்தான். செயலிழப்பு உள்ளவருக்கு அதே சாறு பொட்டாசியத்தை ஒரே மூச்சில் உள்ளே கொட்டிவிடும். இளநீரும் அப்படித்தான், ஒரு காயிலேயே 500 மில்லிகிராமைத் தாண்டிவிடலாம். காய்கறிச் சாறு எதுவானாலும் நாலு பேர் சாப்பிடும் காயை ஒரே டம்ளரில் பிழிந்துவிடுகிறது.

சில சாறுகள் நல்ல சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தில் இரும்பன்புளி என்று சொல்லும் காயின் சாற்றைக் கொழுப்பு குறையும் என்று நம்பிக் குடித்தவர்களுக்குத் திடீரென்று சிறுநீரகம் செயலிழந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் மிகுந்திருக்கும் ஆக்ஸலேட் சிறுநீரகத்தில் படிந்ததே காரணம். குறுக்கே வெட்டினால் நட்சத்திர வடிவில் இருக்கும் ஸ்டார் ஃப்ரூட் பக்கம் சிறுநீரக நோயாளி போகவே கூடாது. விடாத விக்கலில் தொடங்கி, மனக்குழப்பம், வலிப்பு, உயிரிழப்பு வரை போகக்கூடிய நச்சு அதில் உண்டு.

யாராவது கொண்டுவந்து கொடுத்தால், "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார் அத்தை, நீங்க கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். மனம் நோகுமே என்று ஒரு வாய் குடிப்பதும் வேண்டாம்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு

ஆஸ்பத்திரியில் மெஷினில் செய்துகொள்பவர்களுக்கு இரண்டு டயாலிசிஸுக்கு இடையே பொட்டாசியம் சேர்ந்துகொண்டே போகும். நடுவில் நீண்ட இடைவெளி விழும் நாட்களில்தான் ஆபத்து அதிகம். அந்த நாட்களில் முதல் கூடையை மட்டும் தொடுங்கள். சிறுநீர் குறைந்தவர்களுக்குக் குழம்பும் ரசமும் மோரும் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதால், காயைப் பொரியலாகவும் துவட்டலாகவும் செய்வது நல்லது. வயிற்றில் திரவம் ஏற்றி வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் பொட்டாசியம் தினமும் வெளியேறுவதால் பெரும்பாலும் இவ்வளவு கெடுபிடி இருக்காது. சிலரை இன்னும் அதிகமாகவே காய்கறி சாப்பிடச் சொல்வார்கள். எனவே டயாலிசிஸ் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் சாப்பிடுவதைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒரு நாள் எப்படி இருக்கும்

காலையில் இட்லியோடு வெங்காயமும் குடைமிளகாயும் வதக்கி அரைத்த சட்னி. மதியம் சாதம், சுரைக்காய்ப் பொரியல் ஒரு கிண்ணம், வடித்த கத்தரிக்காய் போட்ட சாம்பார் ஒரு கரண்டி, வெள்ளரிக்காய்த் துண்டுகள் நாலைந்து. மாலையில் பசித்தால் உப்பில்லாத பொரி, வெங்காயம் சேர்த்து. இரவு சப்பாத்தியோ தோசையோ, கூட முட்டைக்கோஸ் துவட்டல். மறுநாள் சுரைக்காய்க்குப் பதில் பீர்க்கங்காய், கத்தரிக்காய்க்குப் பதில் முள்ளங்கி. பருப்பு, பால், முட்டை, மீன் எவ்வளவு என்பது புரதக் கணக்கு. அது டயாலிசிஸுக்கு முன் ஒரு மாதிரியும் பின் ஒரு மாதிரியும் மாறும், அதை டயட்டீஷியனிடம் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த பரிசோதனை வரை தினமும் என்ன காய், எத்தனை கிண்ணம், வடித்ததா வடிக்காததா என்று காலண்டர் ஓரத்தில் குறித்துவையுங்கள். பொட்டாசியம் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் டாக்டர் கேட்கும்போது அந்தக் குறிப்பைக் காட்டினால் காரணம் சீக்கிரம் பிடிபடும்.

கல்யாண வீட்டில்

இலையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போவார்கள். முட்டைக்கோஸ் பொரியல், பீன்ஸ் பொரியல், வெள்ளரிப் பச்சடி, புடலங்காய்க் கூட்டு இவற்றில் இருப்பதைக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு ரோஸ்ட், சேனை வறுவல், வாழைக்காய்க் கறி, அவியல், ஊறுகாய், அப்பளம் எதிலும் கை வைக்க வேண்டாம். சாம்பார் கொண்டுவருபவரிடம் முன்கூட்டியே கையைக் காட்டி ஒரு கரண்டி போதும் என்று சொல்லிவிடுங்கள். அன்று இரவு வீட்டில் சாதமும் சௌசௌ பொரியலும் மட்டும் வையுங்கள்.